மூச்சுக்குத் துணையிருக்கும் துத்தநாகம்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடம்பில் இருக்கும் துத்தநாகம் மொத்தமே 2 அல்லது 3 கிராம்தான். நாம் மூச்சு விடுவதற்கு அதில் ஒரு சிறு பங்கு ஓயாமல் உழைத்தாக வேண்டும்.

திசுக்களில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி, தண்ணீரோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறித்தான் ரத்தத்தில் வருகிறது. நுரையீரலில் அது மறுபடி வாயுவானால்தான் வெளியேற முடியும். அங்குள்ள நுண்குழாய்களை ரத்தம் கடக்க ஒரு நொடிகூட ஆகாது. தானாக நடக்க விட்டால் இந்த வினைக்கு அந்த அவகாசம் போதவே போதாது. சிவப்பணுக்களுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதிதான் கைகொடுக்கிறது. கேம்பிரிட்ஜில் மெல்ட்ரமும் ரஃப்டனும் 1930களின் தொடக்கத்தில் இதைக் கண்டறிந்தார்கள். அதற்குள் துத்தநாகம் இருப்பதைச் சில ஆண்டுகளில் கெய்லினும் மானும் காட்டினார்கள்.

இந்தப் புரதத்தில் ஆழமாக ஒரு குழி. அதன் அடியில் ஒரே ஒரு துத்தநாக அயனி. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் மூன்று அதைப் பிடித்திருக்க, நான்காவது இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு வந்து ஒட்டுகிறது. நீர் தன் புரோட்டானை லேசில் விடாது. ஆனால் துத்தநாகத்தின் நேர்மின்னூட்டம் நீரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் அந்தப் பிடி தளர்ந்து, புரோட்டான் கழன்றுவிடுகிறது. மிஞ்சிய ஹைட்ராக்சைடு, பக்கத்தில் வரும் கார்பன் டை ஆக்சைடைத் தாக்க, பைகார்பனேட் பிறக்கிறது. அது விலகியதும் அடுத்த நீர் மூலக்கூறு வந்துவிடும். இந்த நொதியின் வேகமான வகை ஒன்று, நொடிக்கு ஏறக்குறைய 10 லட்சம் முறை இதைச் செய்கிறது! நுரையீரலில் இதே வினை பின்னோக்கி நடக்கிறது.

இரும்பும் தாமிரமும் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் உலோகங்கள். ஆக்சிஜனைக் கையாளும் நொதிகளில் அவை இருப்பது அதனால்தான். துத்தநாகம் அந்தக் கொடுக்கல் வாங்கலில் இறங்குவதில்லை. இழுத்துப் பிடிக்கும், தான் மாறாது. நூற்றுக்கணக்கான நொதிகள் அதைத் தேர்ந்துகொண்டதற்கு இந்த உறுதியே பெரிய காரணம் என்பேன்.

உடம்பில் துத்தநாகம் குறைந்தால் என்ன ஆகும்? பீகாரில் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் 21 வயது இளைஞர் ஒருவரைப் பார்த்தார். தோற்றத்தில் அவர் பத்து வயதுப் பையன். பருவ மாற்றமே வரவில்லை. சாப்பாடு பெரும்பாலும் புளிக்கவைக்காத ரொட்டி. களிமண் தின்னும் பழக்கமும் உண்டு. அத்தகைய ரொட்டியின் முழுத்தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற சேர்மம், துத்தநாகத்தைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். இத்தகைய வளர்ச்சிக் குறைவுக்குத் துத்தநாகப் பற்றாக்குறையே காரணம் என்பதைப் பின்னர் எகிப்தில் அவர் நடத்திய ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு ஜிங்க் எனப்படும் துத்தநாக மாத்திரையும் தருகிறார்கள். பேதி நின்றதும் பல வீடுகளில் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 14 நாளும் கொடுக்க வேண்டும். பேதியில் வெளியேறிய துத்தநாகத்தை ஈடுகட்ட, இரும்பைப் போல உடம்பில் தனிச் சேமிப்பு எதுவும் கிடையாது.