மீட்பு என்ற சொல்: நஞ்சியம்மாவின் பாட்டும் சமவெளி இருளரும்

1

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் ஷேர் ஆட்டோவில்தான் அந்தப் பாட்டை முதன்முதலாகக் கேட்டேன். 2022 ஜூலைக் கடைசி. ஓட்டுநர் செல்போனில் போட்டிருந்தார். பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "இன்னா பாஷை தலைவா இது, மலையாளமா?" "கேரளாப் பாட்டு. ஆதிவாசிம்மா ஒண்ணு பாடுது. அவார்டு குடுத்துக்கீறாங்க." அதோடு பேச்சு முடிந்தது. நீலகிரியிலும் கோவை மலையடிவாரத்திலும் பேசப்படுகிற ஒரு மொழி ஆவடியில் 'கேரளா'வாகக் கேட்கப்படுவது எப்படி? திருவள்ளூர் மாவட்டத்து ஏரிக்கரைகளில் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன என்பதால் கேள்வி மேலும் உறுத்திற்று.

பாடியவர் நஞ்சியம்மா. பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியைச் சேர்ந்த இருளப் பெண். ஆடுமாடு மேய்த்தவர், பழனிசாமி தலைமையிலான ஆசாத் கலைக்குழுவோடு சேர்ந்து தம் மொழிப் பாட்டுகளை மேடைகளில் பாடிவந்தவர். 2020 பிப்ரவரியில் வெளியான 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் இயக்குநர் சச்சி அவரைப் பாடவைத்தார். அந்த ஆண்டு ஜூனிலேயே சச்சி இறந்துபோனார். 2020ஆம் ஆண்டுப் படங்களுக்கான 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் 2022 ஜூலை 22 அன்று அறிவிக்கப்பட்டபோது சிறந்த பின்னணிப் பாடகிக்கான விருது நஞ்சியம்மாவுக்குக் கிடைத்தது.

உடனே ஒரு சர்ச்சையும் கிளம்பிற்று. இசையையே வாழ்வாகக் கொண்டு பயின்றவர்களுக்கு இது அவமதிப்பு அல்லவா, சுருதி கொடுத்தால் அவரால் ஒரு சாதாரணப் பாட்டைப் பாடமுடியுமா என்ற தொனியில் இசைத்துறைக்குள்ளிருந்தே ஒரு குரல் எழுந்தது. பாடகர்கள் பலரும் அதை மறுத்து நஞ்சியம்மாவின் பக்கம் நின்றார்கள். ஆனால் இந்த இரு தரப்பும் பகிர்ந்துகொண்ட ஓர் அனுமானம் இருக்கிறது: நஞ்சியம்மா 'தூய' பழமையின் குரல் என்பதுதான் அது. ஒருவருக்கு அந்தத் தூய்மை குறைபாடு, மற்றவருக்கு அது வரம், அவ்வளவே வித்தியாசம். பாட்டையே கவனித்தால் இந்த அனுமானம் நிற்காது. பூத்து நிற்கும் மரங்களைப் பற்றிப் பாடுகிற அதே பாட்டில் வானத்தில் போகும் விமானமும் வருகிறது. மரபு என்று நாம் பெயர் வைத்திருப்பது அவருக்கு நேற்றைய சரக்கு அல்ல. கண்ணுக்கு எதிரே எது வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு நடக்கிற ஒன்று. ஆகவே அவரை 'மீட்டெடுத்தவர்' என்பதைவிட 'விடாமல் வைத்திருந்தவர்' என்பதே சரி.

2

மொழிக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர் சுமார் 1.89 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பின் மொழி அட்டவணையில் இருளர் மொழியைத் தாய்மொழியாகப் பதிவு செய்தவர்கள் இந்தியா முழுவதும் சேர்த்து 11,870 பேர். இந்த 11,870 தனித்த மொழியாக நிற்கவில்லை. 'தமிழ்' என்ற தலைப்பின் கீழே, 6.9 கோடியோடு ஒன்றாகக் கூட்டப்பட்டிருக்கிறது.

போஜ்புரியையும் ராஜஸ்தானியையும் 'இந்தி' என்ற தலைப்பின் கீழ் கூட்டிக் காட்டுகிற அதே அட்டவணையைச் சுட்டிக்காட்டி நாம் எவ்வளவு அரசியல் பேசியிருக்கிறோம்! அளவில் இரண்டும் ஒன்றல்லதான். ஆனால் விழுங்குகிற இடத்தில் நாம் இருக்கும்போது பேச்சு எழவில்லை என்பதைச் சொல்லாமல் விட முடியாது. கமில் சுவலபில் 1973இல் இருள மொழி குறித்த தம் நூலை வெளியிடத் தொடங்கினார். தமிழுக்கு நெருங்கிய உறவு கொண்டதெனினும் அதைத் தனியொரு தென்திராவிட மொழியாகவே மொழியியலாளர் கருதுகிறார்கள். நாவின் நடுப்பகுதியில் பிறக்கும் உயிரொலிகள் அதில் உண்டு. அவற்றைக் குறிக்க நம் எழுத்தில் இடமில்லை. தமிழ் எழுத்திலோ மலையாள எழுத்திலோ அப்பாட்டை எழுதும்போதே அது பாதித் தமிழாக, பாதி மலையாளமாக மாறிவிடுகிறது. ஷேர் ஆட்டோவில் கேட்ட கேள்வி அறியாமை மட்டுமல்ல, இந்த அமைப்பின் விளைவும்தான்.

3

ஆனால் இங்கே இன்னொரு சிக்கல். சென்னையைச் சுற்றியிருக்கிற சமவெளி இருளர் பேசுவது மலை இருளரின் மொழியை அல்ல. தமக்கேயுரிய சாயல் கொண்ட தமிழை. ஒரே பெயரால் அழைக்கப்படும் இவ்விரு மக்களுக்குமான உறவு ஆய்வாளரிடையே விவாதத்துக்கு உரியது. அப்படியானால் இவர்களுக்கு 'மூதாதை மொழி' எது?

சாதிச் சான்றிதழ் மனுக்கள் எழுதப்போகும் நண்பரோடு ஆவடிக்கு அப்பால் ஒரு குடியிருப்புக்குப் போயிருந்தபோது அங்கிருந்த மூதாட்டி ஒருவருக்கு நஞ்சியம்மா பாட்டைப் போட்டுக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான் பாடுது. ஆனா இது எங்க பாட்டு இல்ல கண்ணு."

"உங்க பாட்டு ஒண்ணு பாடுங்க ஆயா, பதிவு பண்ணிக்கிறேன்."

"இங்க உக்காந்தா வராது. மாசி மகத்துக்கு மகாலிபுரம் வா. அங்கதான் வரும்."

"இந்த வருசம் போனீங்களா?"

"எங்க போறது? புள்ளைங்க சூளைல கீது. முன்பணம் வாங்கியாச்சு. மூணு வருசமாப் போவல."

மாசி மகத்துப் பௌர்ணமிக்கு வடமாவட்டங்களின் இருளர் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். மணலில் ஏழு படி கட்டி கன்னியம்மாவைக் கும்பிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அவளைத் திரும்பக் கூப்பிடுவதாக நம்பிக்கை. விடியலில் சாமி வருகிறது, கல்யாணங்கள் நடக்கின்றன. ஆயா 'வராது' என்று சொன்னது ஞாபகமறதியை அல்ல. அவருக்குப் பாட்டு என்பது ஒரு சரக்கு அல்ல, ஒரு சந்தர்ப்பம். இடம், நாள், கூட்டம், சாமி நான்கும் சேர்ந்தால்தான் அது உண்டு. செங்கல் அறுக்கும் பருவமோ மழைக்காலம் முடிந்து தொடங்கிக் கோடைவரை நீள்வது. மாசி அதன் நடுவில் விழுகிறது. முன்பணம் வாங்கியவருக்கு மாசி மகம் கிடையாது. பாட்டு எப்படி அழிகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் வேண்டுமா?

4

காயத்ரி ஸ்பிவக் 1988இல் விளிம்புநிலையினரால் பேசமுடியுமா என்று கேட்டபோது, அவர்களிடம் குரலே இல்லை என்று அவர் சொல்லவில்லை. அந்தக் குரல் பேச்சாகக் கேட்கப்படுவதற்கான ஏற்பாடு இல்லை என்பதே அவர் வாதம். இருளர் விஷயத்தில் அரசு கேட்கிற பேச்சு ஒன்றுண்டு: சான்றிதழ். தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தருபவரும் பெரும்பாலும் அவரே. செங்குன்றம் பக்கத்து அரிசி ஆலைகளிலிருந்தும் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டது பலமுறை செய்தியாகியிருக்கிறது. 1993இல் அத்தியூரில் இருளப் பெண்ணொருவர் போலீசாரால் பாலியல் வன்முறைக்கு உள்ளானதை எதிர்த்த போராட்டத்தின் தொடர்ச்சியாகப் பேராசிரியர் கல்யாணி முதலானோர் முன்னின்று கட்டிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பெரிதும் இந்தச் சான்றிதழ்களுக்காகவே மல்லுக்கட்டி வந்திருக்கிறது.

ஆக, 'மீட்பு' என்ற ஒரே சொல்லை நாம் மூன்று இடங்களில் புழங்குகிறோம்: பாட்டு மீட்பு, கொத்தடிமை மீட்பு, நில மீட்பு. முதலாவதைப் பண்பாட்டுக்காரர்களும் இரண்டாவதை என்.ஜி.ஓ.க்களும் மூன்றாவதை இயக்கங்களும் பங்குபோட்டுக்கொண்டோம். நஞ்சியம்மாவின் வாழ்க்கையே இந்தப் பங்கீட்டை மறுக்கிறது. 1951இல் அட்டப்பாடியில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடிகள். 2011இல் பாதிக்கும் கீழே. கைமாறிய பழங்குடி நிலத்தைத் திருப்பித்தரக் கேரளம் 1975இல் சட்டம் இயற்றியும் நிலம் திரும்பியது கொஞ்சமே. தேசிய விருது வாங்கிய நஞ்சியம்மாவும் தம் கணவர் குடும்பத்து நிலம் பறிபோயிற்று என்று சொல்லி அதைக் கேட்டுப் போராட வேண்டியிருக்கிறது. பாம்பு பிடிக்கும் அறிவுக்காகச் சமவெளி இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுக்கப்பட்டது, சந்தோஷமே. குரலையும் கைத்திறனையும் தனியே கழற்றி எடுத்துப் பாராட்டுவது அரசுக்கு எளிது. அவை வாழ்கிற மண்ணையும் பொழுதையும் கொடுப்பதுதான் கஷ்டம்.

பதிவு செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கும் ஆட்கள் வேண்டும். நடு உயிர்களை எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆனால் ஆயாவின் முன்னால் செல்போனை நீட்டியபோது நான் கேட்டது தவறான கேள்வி. கேட்டிருக்க வேண்டியது: முன்பணம் எவ்வளவு, மனு எந்த மேசையில் கிடக்கிறது, அடுத்த மாசிக்குள் பிள்ளைகள் வர முடியுமா. அந்த மனுக்களை நண்பர் எழுதிக்கொண்டிருக்கிறார். இப்போது நானும் கூடப் போகிறேன். பாட்டு எப்படியிருக்கும் என்று எனக்கு இன்னும் தெரியாது.