தண்ணீர் பழகாத நீர்ச்செடி

மீன் தொட்டியில் ஆசையாக நட்ட செடி ஒரு வாரத்துக்குள் கூழாகிக் கரையும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பிடுங்கி எறிந்துவிடுவோம். பெரும்பாலும் அந்தச் செடி செத்திருக்காது. இலையை மாற்றிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

விற்பனைக்கு வரும் நீர்ச்செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு மேலே ஈரக்காற்றில் வளர்ந்தவை. அப்படி வளர்த்தால் சீக்கிரம் பெருகும், பாசியும் ஒட்டாது. ஆனால் காற்றில் விட்ட இலை காற்றுக்குத்தான் லாயக்கு. மேலே மெழுகுப்பூச்சு இருக்கும், மூச்சுவிட இலைத்துளைகள் இருக்கும். தண்ணீரிலோ கரியமில வாயு பரவும் வேகம் காற்றைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அங்கே துளையால் பயனில்லை, மெழுகு இடைஞ்சல். தோல் முழுக்க வாயுவை உறிஞ்சும் மெல்லிய இலை வேண்டும். அதனால் செடி பழையதை உதிர்த்துவிட்டுப் புதியதை விடுகிறது.

இதற்குப் பேர்போனது இலங்கை ஓடைகளின் கிரிப்டோகோரைன் வெண்டி. வெள்ளத்தில் மூழ்கியும் வற்றும்போது வெளியே நின்றும் பிழைக்கத் தெரிந்த செடி. தொட்டியில் இறங்கியதும் இலையில் ஓட்டை விழும், கண்ணாடிபோல ஊடு தெரியும், காம்போடு துவளும். அழுகியதை மட்டும் கத்தரித்துவிட்டு வேரை அசைக்காமல் விடுங்கள். சில வாரங்களில் நடுவிலிருந்து தளிர் எட்டிப்பார்க்கும். அதற்குள் "இந்த மூலையில் வைத்தால் அழகாக இருக்குமே" என்று பிடுங்கி நட்டால் மறுபடி உதிரத் தொடங்கும்.

நடும்போது, செடியோடு வரும் சின்னச் சாடியிலுள்ள பஞ்சை வேரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மணல் இரண்டு, மூன்று அங்குலம் போதும். குருத்து மணலுக்கு மேலே தெரியட்டும். மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸையும் ஜாவா பெரணியையும் மணலில் புதைக்கவே கூடாது, தண்டு அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டினால் தானே பிடித்துக்கொள்ளும். விளக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். அதற்கு மேல் எரித்தால் பாசிக்குத்தான் விருந்து.

மீன் கழிவிலுள்ள அம்மோனியாவைச் செடி உரமாக எடுத்துக்கொள்ளும். அதற்காகத் தண்ணீர் மாற்றாமல் இருக்க முடியாது. இலைகளில் ஆக்சிஜன் குமிழ் பூப்பது பகலில் மட்டுமே. இருட்டினால் செடியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை உறிஞ்சும். அடர்த்தியாக நட்ட தொட்டியில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால், இரவில் காற்றுப் பம்பை ஓடவிடுங்கள்.

வளர்ந்தபின் வெட்டும் தண்டுகளைக் குளத்திலோ சாக்கடையிலோ போடவே கூடாது. 2020இல் கோழிக்கோடு மாவட்டம் ஆவளப்பாண்டியில் ஒரு கால்வாயே இளஞ்சிவப்பாகப் பூத்துக் கூட்டம் கூட்டியது நினைவிருக்கலாம். அது தென்னமெரிக்காவைச் சேர்ந்த, தொட்டிகளில் வளர்க்கும் கபோம்பா. ஒரு துண்டுத் தண்டு போதும், அது பெருகிவிடும். வெட்டியதை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள்.