வாவிக்கரையிலிருந்து ஸ்பானிய மொழிக்கு

பிறமொழியொன்றைக் கற்கப் புகும் நம் மாணவர் அதனை ஆங்கிலத்தின் வாயிலாகவே அணுகுதல் வழக்கமாகிவிட்டது. ஸ்பானிய மொழியைப் பொறுத்தவரை இது நேர்வழியை விட்டுச் சுற்றுவழியிற் செல்வதாகும். மட்டக்களப்பு மாணவனுக்கு அம்மொழியை அடைய இரண்டு நேர்வழிகள் உள. ஒன்று தாய்மொழியாகிய தமிழ். மற்றது வாவிக்கரையில் நம் அயலவராய் வாழும் பறங்கியரின் மொழி.

ஸ்பானியம் இருபது நாடுகளில் அரசமொழியாக விளங்குவது. ஏறத்தாழ 50 கோடி மக்களாற் பேசப்படுவது. பல்கலைக்கழகத்தில் அதனைப் பயில்வோர் இலக்கணத்தோடு அமைவதில்லை. செர்வாண்டிஸ் 1605இலும் 1615இலும் இரு பாகமாக வெளியிட்ட ‘தொன் கிஹோத்தே’ முதலிய இலக்கியங்களையும், ஸ்பெயின் தொடக்கம் மெக்சிக்கோ, பேரு ஈறாகப் பரந்துள்ள மக்களின் வரலாற்றையும் ஒருங்கே கற்பர்.

முதலாவது வழியை நோக்குவோம். ‘பேசுகிறேன்’ என்னும் வினைமுற்றின் விகுதியே எழுவாயை உணர்த்துகின்றது; ‘நான்’ என்பது வேண்டியதில்லை. ஸ்பானியத்தில் ‘ஆப்லோ’ என்னும் ஒரு சொல்லே அப்பொருளை முற்றத் தரும். நாம் ‘எனக்குப் பிடிக்கும்’ என்று நான்காம் வேற்றுமையாற் கூறுவதை ஸ்பானியரும் ‘மே குஸ்தா’ என்று அம்முறையிலேயே கூறுவர். நமது ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடு அங்கே ‘தூ’, ‘உஸ்தேத்’ என அமையும். ‘பெரோ’ என இடையின ரகரம்போல ஒலித்தால் ‘ஆனால்’ என்று பொருள்; வல்லின றகரம்போல அழுத்தி ஒலித்தால் ‘நாய்’ என்று பொருள். ஆங்கிலம் வழியாகச் செல்வோர்க்கு இடர் தருவன இவை. தமிழர்க்கோ பழகிய பாதை.

இரண்டாவது வழி வரலாற்றினால் அமைந்தது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினின் மன்னரே போர்த்துக்கல்லுக்கும் மன்னராயிருந்தனர். ஆகவே, போர்த்துக்கேயர் இக்கோட்டையை ஆண்ட காலம் முழுவதும் அவர்தம் முடி ஸ்பானிய மன்னரிடமே இருந்தது. எனினும் இரு நாட்டாட்சியும் வேறாகவே நடைபெற்றமையால் இங்கு வந்து பரவிய மொழி போர்த்துக்கேயம்; அது ஸ்பானியத்தின் உடன்பிறந்த மொழி. அதன் வழியாக நாம் பெற்ற மேசை, சப்பாத்து, பாண் என்னும் சொற்களை ஸ்பானியர் ‘மேசா’, ‘சப்பாத்தோ’, ‘பான்’ என வழங்குவர்.

கோட்டை கைமாறியும் மொழி மறையவில்லை. மட்டக்களப்புப் பறங்கியரிடையே அது தமிழோடு பழகிப் புதுவடிவம் பெற்றது. மொழியியலாளர் இயன் சிமித் 1970களில் இதனை விரிவாக ஆராய்ந்தார். போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன் நிற்கும் ‘பாரா’ என்னும் சொல், இங்கே தேய்ந்து பெயருக்குப் பின் ஒட்டி, நமது ‘கு’ உருபின் தொழிலைச் செய்கின்றது. வினைமுற்றும் தமிழிற்போல வாக்கிய இறுதியில் வருகின்றது. சொல் ஐரோப்பியம், அதன் நடையோ நம்முடையது. இருமொழிகள் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ஓரூரில் உறவாடியதன் பயன் இது.

இம்மொழி இன்று அருகி வருகின்றது. இளைஞர் பலர் வீட்டிலும் தமிழே பேசுகின்றனர்; வேறு பலர் புலம்பெயர்ந்துவிட்டனர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை டச்பார்க் கரையில் வாழ்ந்த பறங்கியர் பலரைக் கொண்டு சென்றது. முதியோர் ஒருவர் மறையுந்தோறும் எழுதப்படாத சொற்களும் பாடல்களும் உடன்மறைகின்றன. இவற்றைத் தேடி ஐரோப்பியப் பல்கலைக்கழக அறிஞர் இங்கு வருகின்றனர். கல்லடிப் பாலத்தைக் கடந்து நாள்தோறும் செல்லும் நாமோ ஒருமுறையேனும் செவிகொடுத்தோமா?

காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பிறநாட்டுக் கலையைக் கற்று 1926இல் ‘மதங்க சூளாமணி’ வாயிலாகச் சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழர்க்கு விளக்கினார். கற்றதைத் தமிழுக்குக் கொணர்தலே அவர் காட்டிய நெறி. ஸ்பானியம் கற்க விரும்பும் மாணவன் அந்நெறியில் நிற்பானாயின், தொலைநாட்டு நூலைத் திறக்குமுன் அயல்வீட்டு வாயிலில் அமர்ந்து, முதியோர் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொள்வானாக. அவனுக்கு அது முதற்பாடமாகும். அம்மொழிக்கோ அதுவே கடைசிப் பதிவாகவும் அமையக்கூடும்.