கழிப்பறையில் நாற்றம் ஏன்?

பேருந்து நிலையத்தில் இறங்கியதும் பொதுக் கழிப்பறை எங்கே என்று நீங்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூக்கே வழி காட்டிவிடும். சில பள்ளிகளிலும் இதே கதைதான். இதற்குப் பயந்து பகல் முழுவதும் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவ மாணவியர் உண்டு. சிறுநீரை நெடுநேரம் அடக்குவது சிறுநீர்ப் பாதை நோய்களுக்கு இடம் கொடுக்கும்.

இந்த நாற்றம் எப்படிப் பிறக்கிறது? சிறுநீரில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு தண்ணீரே. மீதியில் முக்கியமானது யூரியா. வயலுக்கு இடுகிறோமே, அதே யூரியாதான். தூய யூரியாவுக்கு நாற்றம் கிடையாது!

சிறுநீர் தேங்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. அங்குள்ள சிலவகைப் பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்னும் நொதியை உண்டாக்குகின்றன. அது யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன்-டை-ஆக்சைடாகவும் சிதைக்கிறது. கண்ணைக் கரிக்கும் நெடி அம்மோனியாவுடையது. அம்மோனியாவால் காரத்தன்மை கூடுகிறது. அப்போது சிறுநீரில் கரைந்திருந்த கால்சியம், மக்னீசியம் உப்புகள் கறையாகப் படிகின்றன. பீங்கானில் நீங்கள் காணும் மஞ்சள் கறை இதுவே. சொரசொரப்பான அந்தக் கறை பாக்டீரியாக்களுக்கு நல்ல குடியிருப்பு. அதன்மேல் ஃபினாயில் தெளித்தால் சற்று நேரம் அதன் வாசனை மேலோங்கும். கறை இருக்கும்வரை நாற்றம் திரும்பி வரும்.

சாக்கடையிலிருந்தும் நாற்றம் வரலாம். அதைத் தடுக்கவே கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கிறது. வளைவில் நிற்கும் தண்ணீர், வாயுக்கள் மேலே வராமல் மூடிபோல் காக்கிறது. இத்தகைய வளைகுழாய் கொண்ட கழிப்பறைக்கு 1775-இல் காப்புரிமை பெற்றவர், அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரம் செய்பவர். காகிதமும் துணியும் போட்டால் வளைவு அடைபடும். பல நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் வற்றிவிடும்.

மஞ்சள் கறையை அமிலம் கரைக்கும். ஆனால் அமிலத்தைப் பெரியவர்களே, கையுறை அணிந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பயன்படுத்த வேண்டும். கறை போகவில்லையே என்று அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது! குளோரின் என்னும் நச்சு வாயு கிளம்பும். சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் பங்கு எளியது. கழிப்பறையைப் பயன்படுத்தியதும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். யூரியா சிதையும் முன்பே அது போய்விடும். தண்ணீர் வராத குழாயைக் கண்டால் அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். கறை படிந்த பிறகு அதைச் சுரண்டி எடுப்பவரும் நம்மைப் போன்ற ஒரு மனிதர்தானே!