மேல்வீட்டுக் காலடியும் ஸ்பிரிங் தூளியும்

நள்ளிரவில் மேல்வீட்டில் ஒருவர் நடப்பது கீழே படுத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும்போது, அதே கட்டிலில் வைத்த கைப்பேசியின் பதிவில் மட்டும் மெல்லிய சீறலைத் தவிர வேறொன்றும் ஏன் இருப்பதில்லை என்பது, அடுக்ககங்களில் குடியிருப்போரிடமிருந்து அடிக்கடி எழும் கேள்வி. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அந்தப் பதிவை ஒலிக்கவிட்டு, ஒருவர் காதிலும் எதுவும் விழாமல் போகும்போது, புகார் சொன்னவரின் மேலேயே ஐயம் திரும்பிவிடுகிறது. அவருடைய காதில் பழுதில்லை. அவர் கேட்டது பெரும்பாலும் கூரையின் அசைவு. கைப்பேசியோ மனிதப் பேச்சுக்கென்று செய்யப்பட்டது.

3 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள ஓர் அறையின் மேல் 125 மில்லிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம் போடப்பட்டிருந்தால், நான்கு பக்கமும் சுவரில் தாங்கப்பட்ட அந்தத் தளம் தானாக அதிரும் வேகம், அதாவது அதன் இயல்பு அதிர்வெண், நொடிக்கு 30 முறையை ஒட்டி அமையும் என்று கணக்கிடலாம். மேலே குதிகால் விழுந்ததும் தளம் கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து, சில முறை ஆடி அடங்குகிறது. அப்படி ஆடும்போது அதன் அடிப்பரப்பு கீழறையின் காற்றைத் தள்ளுகிறது. அந்த அடிப்பரப்பு நொடிக்கு 0.05 மில்லிமீட்டர் வேகத்தில், 40 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அசைவதாகக் கொண்டால், அது நகரும் தூரம் 0.2 மைக்ரோமீட்டர் மட்டுமே, அதாவது தலைமுடியின் கனத்தில் சில நூற்றில் ஒரு பங்கு. மனித உடல் அதிர்வைத் தொட்டு உணரத் தொடங்குவது நொடிக்கு 0.15 மில்லிமீட்டர் வேகத்தை ஒட்டித்தான் என்பதால், கூரையில் உள்ளங்கையை வைத்தாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் தன்னைத் தள்ளும் பரப்புக்குக் காற்று காட்டும் எதிர்ப்பாகிய ஒலித்தடை ஏறத்தாழ 413 அலகு. அதை அந்த வேகத்தால் பெருக்கினால் 0.02 பாஸ்கல் அழுத்தம், அதாவது 60 டெசிபெல் கிடைக்கிறது. தளம் முழுவதும் ஒருசேர அசைவதாகக் கொண்ட மேல்வரம்பு இது என்றாலும், 40 ஹெர்ட்ஸில் காது கேட்கத் தொடங்கும் அளவு 51 டெசிபெல் என்பதால், தொடுகைக்குப் பிடிபடாத அசைவு காதுக்குப் பிடிபட்டுவிடுகிறது.

இந்த 60 டெசிபெல்லைக் கருவி எப்படிப் படிக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வரலாறு வேண்டுவோருக்காக: தாழ்ந்த ஒலிகளைக் காது குறைவாகவே கேட்கிறது என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் ஆய்வாளர்கள் 1933இல் வளைகோடுகளாக வரைந்தார்கள், 1936இன் அமெரிக்கத் தரநிலை அதிலிருந்து ‘ஏ’ எடையிடல் என்ற திருத்தத்தை எடுத்துக்கொண்டது, உலகின் பெரும்பாலான இரைச்சல் சட்டங்கள் இன்றும் அதையே சுமந்து திரிகின்றன. அந்தத் திருத்தத்தின்படி 40 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து ஏறத்தாழ 35 டெசிபெல் கழிக்கப்படுவதால், காதில் விழுந்து தூக்கத்தைக் கலைத்த ஒலி 25 என்று பதிவாகிறது. 65 டெசிபெல் சிக்னல்-இரைச்சல் விகிதம் கொண்ட ஒரு வழக்கமான கைப்பேசி ஒலிவாங்கி தன்னுள்ளேயே எழுப்பிக்கொள்ளும் இரைச்சல் அதே அளவுகோலில் 29. அதாவது டெசிபெல் செயலி காட்டும் எண்ணில், மேல்வீட்டைவிடக் கைப்பேசியே அதிகச் சத்தம் போடுகிறது. இதற்கு மேல், பேச்சைத் துலக்கிக் காட்டும் மென்பொருள் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டித் தள்ளுகிறது. எல்லாவற்றையும் தாண்டி ஏதேனும் பதிவானாலும், கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் 40 ஹெர்ட்ஸைத் திரும்ப எழுப்பவே முடியாது என்பதால், சங்கக் கூட்டத்தில் மௌனம்தான் கேட்கும்.

ஆகவே பதிய வேண்டியது கூரையின் அசைவையே. அதற்கான கருவியோ சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உள்ள அரியலூர் வட்டாரத்துக்கு அந்நியமானதல்ல. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் பெயரால் நிலவியலாளர்கள் வழங்கும் பாறை அடுக்கு, ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் படிவு. கிரைஃபியா என்னும் தடித்த சிப்பியின் ஓடுகள் செறிந்த அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இந்த மாவட்டத்தின் சிமெண்ட் ஆலைகள் எழுந்தன. அந்தச் சிமெண்டே எங்கோ ஒரு நகரத்தில் ஒருவருக்குக் கூரையாகவும் மற்றொருவருக்குத் தரையாகவும் ஆகிறது. கல்லை வெடிவைத்துப் பெயர்க்கும் சுரங்கங்களில், பக்கத்து வீடுகளுக்கு எட்டும் நிலவதிர்வை நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அந்த அளவீட்டுக்குப் பயன்படும் உணரியின் பெயர் ஜியோஃபோன்.

பார்க்க ஒரு சிறிய உலோகக் குப்பிபோல் இருக்கும் இதன் உள்ளே ஒரு காந்தமும், அதைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்கும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. காந்தம் குப்பியோடு சேர்ந்து அசைய, சுருள் தன் நிலைமத்தால் அசையாமல் நிற்க, இரண்டுக்கும் இடையிலான வேகத்துக்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. இதன் நுட்பம் முழுவதும் அந்த ‘அசையாமல் நிற்பது’ என்பதில் அடங்கியிருக்கிறது. தமிழ் வீடுகளில் கூரைக் கொக்கியிலிருந்து ஸ்பிரிங் மாட்டிக் கட்டப்படும் தூளியை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். குழந்தையைக் கிடத்தியதும் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் இறங்கினால், அந்தத் தூளியின் இயல்பு அதிர்வெண் நொடிக்கு ஒரு முறை. கொக்கியை அதைவிட மெதுவாக ஏற்றி இறக்கினால் குழந்தையும் கூடவே ஏறி இறங்கும். ஆனால் கூரை 50 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால், அசைவில் 2,500இல் ஒரு பங்குதான் குழந்தையை எட்டும். கூரை நடுங்க, குழந்தை உறங்க, இரண்டுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் ஸ்பிரிங் கூரையின் நடுக்கத்தை முழுமையாக எழுதிக் காட்டுகிறது. 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனில் அந்த இறக்கம் 12 மில்லிமீட்டர், வேறுபாடு அவ்வளவே.

ஒப்புமையை இன்னும் இழுக்கலாம். இயல்பு அதிர்வெண்ணிலேயே யாரேனும் ஆட்டிவிட்டால் தூளி கட்டுக்கடங்காமல் துள்ளும். அப்போது தாய் ஒரு கையை அதன்மேல் மெல்ல வைத்து ஆட்டத்தைத் தணிப்பாள். ஜியோஃபோனில் அந்தக் கையின் வேலையைச் சுருளோடு இணைக்கப்பட்ட ஒரு மின்தடை செய்கிறது. எடை கூடக்கூட ஸ்பிரிங் மேலும் இறங்கி இயல்பு அதிர்வெண் குறையும் என்பதால், ஆறு மாதக் குழந்தையைவிட ஒரு வயதுக் குழந்தையே தாழ்ந்த அதிர்வுகளுக்கு நல்ல உணரி என்றும், பால் குடித்து முடித்த ஒவ்வொரு முறையும் கருவியை மறுபடி அளவுதிருத்த வேண்டும் என்றும்கூட வாதிடலாம். குழந்தை விழித்துக் காலை உதைக்கத் தொடங்கும்போது ஒப்புமை அறுந்துபோகிறது. சுருள் தானாக உதைப்பதில்லை.

பரவலாகக் கிடைக்கும் ஜியோஃபோன் ஒன்று, நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 28.8 வோல்ட் தரும். மேலே எடுத்துக்கொண்ட நொடிக்கு 0.05 மில்லிமீட்டர் வேகத்துக்கு 1.4 மில்லிவோல்ட் கிடைக்கும். சாதாரண யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் எளிதாகப் பதிந்துகொள்ளும் அளவு இது. செங்குத்து ஜியோஃபோனைக் கூரையில் தலைகீழாக ஒட்டிவிட்டால் சுருள் எதிர்ப்பக்கம் சரிந்து முட்டிக்கொள்ளும் என்பதால், ‘எல்’ வடிவப் பட்டை ஒன்றைக் கூரையில் திருகி, அதன்மேல் நிமிர்த்தி நிறுத்த வேண்டும். இந்திய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் சுருளில் ஒட்டிக்கொள்ளும். அது இடைவிடாமல் வருவது, காலடியோ விழுந்து அடங்குவது என்பதால் பிரித்தறிவது கடினமல்ல. 200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டிவிட்டால், மேல்வீட்டார் பேசுவது எதுவும் பொருள் விளங்கும்படி பதிவாகாது என்பது இன்னொரு நன்மை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்த நாட்டில் இது சிறிய நன்மையல்ல.

சுவருக்குள் நடப்பதையெல்லாம் கேட்கலாம் என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் மலிவான பீசோ வில்லைகள் வேறு வகை. அழுத்தினால் மின்னூட்டம் தரும் இந்த வில்லை ஏறத்தாழ 20 நானோஃபாரட் மின்தேக்கிபோல் நடந்துகொள்வதால், 2.2 கிலோஓம் உள்தடை கொண்ட ஒலிவாங்கி நுழைவில் அதை நேரடியாகச் செருகினால் 3,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை எல்லாம் தேயத் தொடங்கும். காலடி பதிவாகவே ஆகாது. ஒரு மெகாஓம் நுழைவு இருந்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை. கூரையில் ஒட்டும் நுரைப்பஞ்சுத் தகடுகளோ அறையின் எதிரொலியைக் குறைப்பவை. கூரையே அசையும்போது அவை அதோடு சேர்ந்து அசைவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. செயற்கை நுண்ணறிவால் இரைச்சலை நீக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகள், பேச்சு அல்லாதவை அனைத்தையும் இரைச்சல் என்றே கொள்வதால், முதலில் நீக்குவது காலடியைத்தான்.

விளம்பரத்துக்கும் உண்மைக்கும் உள்ள இந்த இடைவெளி ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதல்ல. அடுக்ககத் தளம் பொதுவாக 210 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதித்திருக்கும் தென்கொரியாவில், 2019இல் அரசுத் தணிக்கை அமைப்பு 191 வீடுகளை அளந்தபோது, அவற்றில் 184 வீடுகளின் தளங்கள் முன்கூட்டிச் சான்றளிக்கப்பட்ட தரத்தை எட்டவில்லை. ஆயினும் அந்த நாட்டில் அளப்பதற்கு ஓர் எண் இருக்கிறது: 2023 முதல், மேல்வீட்டு நடையால் எழும் ஒலியின் ஒரு நிமிடச் சராசரி பகலில் 39, இரவில் 34 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது.

இந்தியாவின் 2000ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று ‘ஏ’ எடையிட்ட காலச் சராசரியாக வரம்பு வைக்கின்றன. கால் நொடியில் அடங்கிவிடும் ஒரு காலடி அந்தச் சராசரியில் முற்றிலும் கரைந்துவிடும். ஒலிபெருக்கிக்காகவும் பட்டாசுக்காகவும் எழுதப்பட்ட விதிகளில் இதற்கு இடமில்லை. ஆகவே ஜியோஃபோனில் துல்லியமான பதிவை எடுத்தாலும் அது இந்த விதிகளின்கீழ் வழக்குக்கு உதவாது; மேல்வீட்டாரிடம் காட்டி, தடித்த பாய் விரிக்கச் சொல்லிக் கேட்பதற்குத்தான் உதவும். சுரங்க வெடியின் அதிர்வுக்கோ ஓர் எண் உண்டு: சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, வெடியின் அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவாக இருந்தால், பக்கத்துக் குடியிருப்பு வீட்டில் நிலவதிர்வு நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. கட்டடத்தில் விரிசல் விழாமல் காக்கும் அந்த எண், மனிதரின் உறக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.