கடல் நடுவே ஒரு கொப்பரை

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் உறங்கிய பாரன் தீவு எரிமலை 1991இல் கண் விழித்தது. அதன் நடுவிலுள்ள பெரும் பள்ளம் சொல்லும் கதை இன்னும் பழையது.

2017 ஜனவரி 23. கோவாவிலுள்ள தேசியக் கடலியல் கழகத்தின் விஞ்ஞானிகள் 'சிந்து சங்கல்ப்' ஆய்வுக் கப்பலிலிருந்து அந்தமான் கடலடி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அருகே இருந்த பாரன் தீவிலிருந்து திடீரென்று சாம்பல் கிளம்பியது. கப்பலைச் சுமார் ஒரு மைல் தள்ளி நிறுத்திவிட்டுக் கவனித்தார்கள். ஒவ்வொரு சீற்றமும் ஐந்து முதல் பத்து நிமிடம் நீடித்தது. பகலில் தெரிந்ததெல்லாம் சாம்பல் மேகம்தான். பொழுது சாய்ந்ததும் சிவந்த நெருப்பு ஊற்றும், சரிவில் வழியும் குழம்பும் கண்ணில் பட்டன.

இந்தியாவில் உயிருடன் இருப்பது உறுதியான ஒரே எரிமலை இது. போர்ட் பிளேரிலிருந்து (2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரம்) வடகிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. தீவின் குறுக்களவு சுமார் 3 கிலோமீட்டர்தான். மனிதர் யாரும் வசிப்பதில்லை. எப்போதோ கொண்டுவந்து விடப்பட்ட ஆடுகளின் சந்ததிகள் காட்டு ஆடுகளாகத் திரிகின்றன. ஆனால் நாம் பார்ப்பது மலையின் தலையை மட்டுமே. கடல் தரையிலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் எழும்பிய இந்த மலை, நீருக்கு வெளியே காட்டுவது சுமார் 350 மீட்டர்.

இந்த இடத்தில் எரிமலை பிறக்கக் காரணம், அந்தமானுக்கு மேற்கே நடக்கும் ஒரு மெதுவான மோதல். இந்தியாவையும் இந்துமாக்கடலின் தரையையும் சுமந்து நகரும் பாறைத் தட்டு, அங்கே பர்மா தட்டின் அடியில் சரிந்து இறங்குகிறது. கடல்தரைப் பாறைக்குள் நீர் ஏராளம். ஆழத்துக்குப் போகப் போக வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. நீர் மேலேயுள்ள பாறைக்குள் ஊடுருவும்போது அதன் உருகுநிலை குறைகிறது. அதுவரை கெட்டியாக இருந்த பாறை அதே வெப்பத்தில் உருகத் தொடங்குகிறது. உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது என்பதால் மேலே ஏறுகிறது. அழுத்தம் குறையக் குறைய அதில் கரைந்துள்ள வாயுக்கள், மூடி திறந்த சோடா பாட்டிலைப் போலப் பொங்குகின்றன. வெடித்துச் சிதறும் கற்களும் சாம்பலும் துவாரத்தைச் சுற்றிக் குவிந்து கூம்பாகின்றன. அதன் உச்சியில் இருக்கும் குழிதான் எரிமலை வாய்.

பாரன் தீவில் இப்படி ஒரு கூம்பும் வாயும் உண்டு. ஆனால் அந்தக் கூம்பு நிற்பதே இன்னொரு பெரிய பள்ளத்துக்குள். சுமார் 2 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளத்துக்குப் பெயர் கால்டெரா. ஸ்பானிய மொழியில் கொப்பரை என்று பொருள். இரண்டும் ஒன்றல்ல. சிறிய வாய் வெடித்து உண்டானது. கொப்பரை இடிந்து உண்டானது. பெரும் சீற்றம் ஒன்றில் மலைக்கு அடியிலுள்ள குழம்பு அறை வேகமாகக் காலியாகிவிட்டால், தாங்க ஒன்றும் இல்லாத கூரை அப்படியே உள்ளே விழுகிறது. பாரனின் மேற்குச் சுவர் திறந்து கிடக்கிறது. குழம்பு கடலுக்குப் போகும் வாசல் அதுதான்.

இந்தக் கொப்பரை உண்டானதைப் பார்த்தவர்கள் யாருமில்லை. ஆனால் தீவைச் சுற்றிய கடலடிச் சேற்றில் எரிமலைச் சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் அதில் சுமார் 70,000 ஆண்டு வரலாற்றைப் படித்திருக்கிறார்கள். மனிதர்கள் எழுதிவைத்த பதிவு 1787இல்தான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில சீற்றங்கள். பிறகு நீண்ட மௌனம்.

1991 மார்ச்சில் அது கலைந்தது. அக்டோபர் வரை நீடித்த அந்தச் சீற்றத்தில், 305 மீட்டர் உயரமிருந்த நடுக்கூம்பு சுமார் 225 மீட்டராகக் குறைந்தது. மீண்டும் 1994-95இல் புகைந்தது. 2004 டிசம்பர் சுனாமிப் பூகம்பத்துக்கு ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாதம் மறுபடி கிளம்பியது. அதன் பிறகு அவ்வப்போது சீறிக்கொண்டுதான் இருக்கிறது. 2025 செப்டம்பரிலும் சீறியது.

இவையெல்லாம் மிதமான சீற்றங்கள். மிதமில்லாத சீற்றம் எப்படியிருக்கும் என்பதை அதே 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ காட்டியது. சுமார் 500 ஆண்டுகள் அசையாதிருந்த அந்த மலை ஏப்ரலில் முனகத் தொடங்கியது. விஞ்ஞானிகள் கருவிகளைப் பொருத்தி இரவு பகலாகக் கண்காணித்தார்கள். அவர்கள் எச்சரித்ததால் பல்லாயிரம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். ஜூன் 15 அன்று மலையின் உச்சி இடிந்து விழுந்தது. மிஞ்சியது சுமார் 2.5 கிலோமீட்டர் அகலக் கொப்பரை. ஏறக்குறைய பாரனின் கொப்பரை அளவு.

பாரனில் வெளியேற்ற மனிதர்கள் இல்லை. ஆனால் சாம்பல் தீவோடு நிற்பதில்லை. 1982இல் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் புகுந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு என்ஜின்களும் நின்றுபோயின. வெளியே வந்த பிறகே அவை மறுபடி இயங்கின. இன்று பாரனிலிருந்து கிளம்பும் சாம்பல் குறித்து விமானிகளுக்கு எச்சரிக்கை அனுப்புவது ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலுள்ள மையம். அது நம்பியிருப்பது செயற்கைக்கோள் படங்களை.

பினாட்டுபோவில் உயிர்களைக் காத்தது, மலை முனகத் தொடங்கியதுமே தரையில் பொருத்தப்பட்ட கருவிகளும் அவற்றைவிட்டு நகராத ஆட்களும்தான். ஒன்றரை நூற்றாண்டு மௌனத்தை நம்பி பாரனை அணைந்த மலை என்று எண்ணியிருந்தால், 1991 அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியிருக்கும். அங்கே ஒருமுறை கூரை இடிந்திருக்கிறது. அடியில் தட்டு இன்னும் சரிந்துகொண்டிருக்கிறது. ஆளில்லாத தீவு என்பது அதைக் கவனிக்காமல் விடக் காரணமாகாது.