எளிய கருவியும் நிறைந்த பட்டறையும்

மானிப்பாயில் 1842ஆம் ஆண்டில் ஓர் அகராதி அச்சேறியது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்த அந்நூல் 58,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. மானிப்பாய் அகராதி என்றே அது பெயர் பெற்றுவிட்டது. அமெரிக்க மிஷன் அச்சுக்கூடம் இயங்கிய அக்காலத்தில் எழுத்துக் கோப்போர் ஈய எழுத்துகளை அறைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கையாலேயே வரிசைப்படுத்தினர். 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லைனோடைப் இயந்திரம் தொழிலுக்கு வந்தது. விசைகளை அழுத்தினால் ஒரு வரி முழுவதையும் அது ஒரே ஈயக் கட்டியாக வார்த்துத் தரும். வேலை பன்மடங்கு விரைந்தது. ஆயினும் ஒரு விலை இருந்தது. கைக்கோப்பில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அந்த ஓர் எழுத்தை மாற்றினாற் போதும். இயந்திரக் கோப்பிலோ வரி முழுவதையும் மீண்டும் வார்த்தல் வேண்டும்.

எளிய கருவி, நிறைந்த கருவி என்னும் இவ்விரண்டனுள் எதைக் கொள்வது என்ற வினா, இன்று கணினியின் முன் அமர்ந்து செய்நிரல் எழுதக் கற்கும் மானிப்பாய் மாணவனுக்கும் எழுகின்றது.

செய்நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளின் வரிசை. அது வெறும் எழுத்துகளாலான கோப்பாகவே சேமிக்கப்படும். அதனை எழுத உதவும் எளிய கருவி உரைதிருத்தி எனப்படும். விண்டோஸ் கணினியிலுள்ள நோட்பேட் இதற்கு எடுத்துக்காட்டு. எழுதுதல், அழித்தல், சேமித்தல் என்பவற்றுக்கு மேல் அது நெடுங்காலம் அதிகம் செய்ததில்லை. இதனைச் சொற்செயலியோடு மயங்குதல் ஆகாது. சொற்செயலி எழுத்தின் பருமனையும் வடிவத்தையும் குறிக்கும் மறைகுறிகளைக் கோப்பினுட் சேர்த்துவிடும். நேரான மேற்கோட்குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். கணினி அதனைச் செய்நிரலாக ஏற்காது.

மற்றையது ஒருங்கிணைந்த விருத்திச் சூழல். எழுதும் பலகை, எழுதியதைக் கணினி மொழிக்கு மாற்றும் தொகுப்பான், வழுக்களைத் தேடும் கருவி ஆகிய யாவும் ஒரே கூரையின் கீழ் அமைந்த பட்டறை எனலாம். 1983ஆம் ஆண்டில் வெளிவந்த டர்போ பஸ்கால் இவ்வழியைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் ஒரு செயலியில் எழுதி, அதை மூடி, வேறொன்றினால் மொழிமாற்றி, பிழை கண்டு, மீண்டும் முதலாவதற்குத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை அது போக்கியது. எக்லிப்ஸ், விஷுவல் ஸ்ரூடியோ முதலியன இவ்வழியில் பின்னர் வளர்ந்தவை.

பட்டறையின் பயன் பெரிது. பிழையான சொல்லின் கீழ் உடனே சிவப்புக்கோடு இடும். செய்நிரலை இடையில் நிறுத்தி, ஒவ்வொரு வரியாக நடத்தி, அந்நேரத்தில் மாறிகள் கொண்டுள்ள பெறுமதிகளைக் காட்டும். நூறு கோப்புகளிற் பரந்து கிடக்கும் ஒரு பெயரை ஒரே முறையில் பிழையின்றி மாற்றித் தரும். பலர் கூடிச் செய்யும் பெரும் பணிக்கு இவ்வுதவிகள் இன்றியமையாதன.

ஆயின் தொடக்க மாணவனுக்கு இவ்வளமே சில வேளை திரையாகிவிடுகின்றது. ஒரு பொத்தானை அழுத்தினால் செய்நிரல் ஓடுகின்றது. அதற்கிடையில் நிகழ்ந்தது யாது என்பதை அவன் அறியான். பொத்தான் இல்லாத இடத்தில் அவன் கை முடங்கிப்போகும். உரைதிருத்தியில் எழுதுபவனோ கோப்பைத் தானே சேமித்து, தானே கட்டளையிட்டு ஓட்டுகின்றான். ஏழாம் வரியில் வழு என்று கணினி கூறினால், அச்செய்தியை வாசித்து ஏழாம் வரிக்குத் தானே செல்கின்றான். காரணம் சில வேளை ஆறாம் வரியில் மூடப்படாத அடைப்புக்குறியாக இருக்கும். அதனைக் கண்டுபிடித்தவன் மறுமுறை அப்பிழையை எளிதில் விடான்.

தமிழைக் கையாளும்போது இப்பயிற்சியின் பயன் மேலும் விளங்கும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய உரையை அவ்வெழுத்துரு இல்லாத எளிய திருத்தியில் இட்டால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளே தோன்றும். கணினியிற் சேமிக்கப்பட்டவை உண்மையில் அவையே. தமிழ் உருவம் எழுத்துருவின் வேலை. 1991ஆம் ஆண்டு முதல் தமிழை உள்ளடக்கிய யூனிக்கோட் முறையிலோ தமிழுக்கெனத் தனிக் குறியெண்கள் உள்ளன. இவ்வேறுபாட்டை அறியாதவன், தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும் செய்நிரல் ஏன் தவறுகின்றது என்பதைக் காண மாட்டான்.

எளிய கருவி என்றால் ஆற்றல் குன்றியது என்று கருதலும் தவறு. 1976ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாவில் பில் ஜோய் என்பவர் வீஐ என்னும் திருத்தியை உருவாக்கினார். வினாடிக்கு ஏறக்குறைய முப்பது எழுத்துகளே வந்து சேரும் மெதுவான தொலைபேசி இணைப்பில் அவர் பணியாற்றினார். ஆதலால் ஓரெழுத்துக் கட்டளைகளால் பெருவேலை நடைபெறுமாறு அதனை அமைத்தார். அதன் வழிவந்த விம் இன்றும் தொலைதூரக் கணினிகளைப் பராமரிப்போரின் கைக்கருவியாக உள்ளது. பழைய மடிக்கணினியில் அது இலகுவாக இயங்கும். 2022ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட காலத்தைக் கண்டவர்களுக்கு, மின்கலத்தை மெல்லச் செலவிடும் கருவியின் அருமை சொல்லாமலே விளங்கும்.

இரு கருவிகளுக்கும் இடையிலிருந்த வேலி இன்று தாழ்ந்துவிட்டது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த விஷுவல் ஸ்ரூடியோ கோட் திருத்தியாகத் தொடங்கி, வேண்டிய துணைகளைச் சேர்க்கச் சேர்க்கப் பட்டறையாக வளரக்கூடியது. மறுவருடம் அறிவிக்கப்பட்ட ஒரு பொது நெறிமுறையால், ஒரு கணினி மொழியைப் பற்றிய அறிவைத் தனியொரு செயலியாக அமைத்து, பல திருத்திகள் அதனிடம் உதவி பெறுதல் இயல்வதாயிற்று.

ஆகவே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, வேலை யாது என்பதே. இருபது வரியிலமைந்த பயிற்சிக்கும், அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் உரைதிருத்தி போதும். பல கோப்புகளும் பலர் கைகளும் கலக்கும் பணிக்குப் பட்டறையே தக்கது. எளியதிற் கற்றவன் பட்டறைக்குட் புகும்போது, ஒவ்வொரு பொத்தானும் தனக்காக எதைச் செய்கின்றது என்பதை அறிந்தே அழுத்துவான். புதிய கணினி வாங்க வசதியில்லை என்று கற்பதை ஒத்திவைத்திருக்கும் பிள்ளை, வீட்டிலிருக்கும் பழைய கணினியில், நோட்பேட்டில், இன்று மாலையே முதல் வரியை எழுதத் தொடங்கலாம்.